மலாக்காத் தோட்டங்களும் படக்கொட்டகைகளும்

பழைய படக்கொட்டகைகளின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கட்டடத்திலிருந்தே தொடங்குகின்றனர். முகப்பு எந்தப் பாணியில் அமைந்தது, ஆசனங்கள் எத்தனை, திறந்து வைத்த பிரமுகர் யார் என்னும் விவரங்களைத் திரட்டி வரிசைப்படுத்திவிட்டால் சரித்திரம் பூர்த்தியாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். கோலாலம்பூரின் கொலிசியம், சிங்கப்பூரின் கேத்தே போன்ற நகர மாளிகைகளுக்கு இம்முறை பொருந்தும். ஆயின், மலாக்கா மாநிலத்துத் தமிழ்மக்கள் சினிமாவைக் கண்ட விதத்தை இம்முறையால் மட்டும் அறிய முற்பட்டால், சரித்திரத்தின் பெரும்பகுதி நம் கைக்கு அகப்படாமலே போய்விடும். ஏனெனில் அவர்கள் படம் பார்த்த இடங்களிற் பல, மாலையில் இரண்டு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணியைக் கட்டி, காட்சி முடிந்ததும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போன வெறும் திடல்களே.

மலாயாவில் ரப்பரை வர்த்தகப் பயிராக முதன்முதலில் பயிரிட்ட பெருமை மலாக்காவுக்கே உரியது. டான் சாய் யான் என்னும் சீன வர்த்தகர் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அதையடுத்து புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பெருந்தோட்டம் எழுந்தது. கங்காணிகளின் மூலம் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட மக்கள், லயங்களும் கோயிலும் பள்ளிக்கூடமும் கள்ளுக்கடையும் தவிர வேறொன்றும் அறியாத தனியுலகங்களில் குடியமர்ந்தனர். 1938-இல் இந்திய சர்க்கார் தொழிலாளரை உதவிப் பணத்துடன் அனுப்பும் முறையைத் தடை செய்தபோது, அவ்வுலகங்களிற் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை ஏற்கனவே உருவாகியிருந்தது.

அத்தலைமுறைக்குச் சினிமா முற்றிலும் புதிய கலையாக வந்து சேரவில்லை. காமன் கூத்தும், மதுரை வீரன், காத்தவராயன் கதைகளும் தோட்டங்களில் இராமுழுவதும் நடந்துவந்தன. ஆகவே, 1931-இல் ‘காளிதாஸ்’ தமிழ்ப் பேசும் படங்களுக்கு வழி திறந்து, புராணக் கதைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரைக்கு வரத் தொடங்கியபோது, தாம் அறிந்த கதையையும் தாம் விரும்பிய பாட்டையும் இன்னொரு சாதனத்தில் காண்பதாகவே ஜனங்கள் அவற்றை வரவேற்றிருக்க வேண்டும். வர்த்தக ஏற்பாடோ சீனர்களின் கையில் இருந்தது. ஷாங்காயிலிருந்து 1920-களின் நடுவில் வந்த ரன்மி ஷாவும், அவரைத் தொடர்ந்து வந்த தம்பி ரன் ரன் ஷாவும், கொட்டகையே இல்லாத ஊர்களுக்கு நடமாடும் சினிமாவைக் கொண்டு சென்று, மக்கள் கூடும் இடங்களைக் கண்டறிந்து, பிறகு அங்கே நிரந்தரக் கொட்டகைகளை அமைத்தனர். 1939-க்குள் அவர்கள் வசம் இப்பிராந்தியத்தில் 139 கொட்டகைகள் இருந்தன. திறந்த வெளிக் காட்சி முன்னே போக, சுவரெழுப்பிய கொட்டகை அதன் பின்னே வந்தது என்னும் இவ்வரிசையை ஆராய்ச்சியாளர் மறத்தலாகாது.

யுத்தகாலம் படக்கொட்டகைக்கு இரண்டு முகங்களைத் தந்தது. 1943 ஜூலை 4-ஆம் தேதி ராஷ் பிஹாரி போஸ் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை நேதாஜியிடம் ஒப்படைத்ததும், அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி சுதந்திர இந்தியத் தற்காலிக சர்க்கார் பிரகடனம் செய்யப்பெற்றதும் சிங்கப்பூரின் கேத்தே அரங்கிலேதான். அதே காலத்தில் மலாயாவில், இலவசப் படக்காட்சி என்று அறிவித்து மக்களை உள்ளே வரவழைத்து, கதவுகளை அடைத்து, அகப்பட்டவர்களை சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு ஜப்பானியர் கொண்டுபோன கொடுமையும் நிகழ்ந்தது. தோட்டங்களிலிருந்து அப்பாதைக்குப் போன தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பவேயில்லை. சந்தோஷத்தின் பெயரால் அழைத்து உயிரைப் பறித்த அந்தச் செய்கையைக் கூறாத கொட்டகைச் சரித்திரம் முழுமையான சரித்திரமாகாது.

யுத்தத்திற்குப் பின், 1946-இல் சர்க்கார் படங்களைத் தயாரிக்க மலாயன் பிலிம் யூனிட் ஸ்தாபிக்கப்பட்டது. 1948-இல் கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் பிரகடனமாயிற்று. இரவு நடமாட்டத்துக்குக் கட்டுப்பாடு வந்த வட்டாரங்களில், தொழிலாளி படம் பார்க்கப் பட்டணத்துக்குப் போவது இயலாததாயிற்று. ஆனால் தகவல் இலாகாவின் பட வண்டிகள் தமிழ் விளக்கவுரையோடு கூடிய சர்க்கார் படங்களை ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கே வந்தன. இங்கே மலாக்காவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. 1953 செப்டம்பரில், மலாயாவிலேயே முதன்முதலாக ‘வெள்ளைப் பிரதேசம்’ என்று அறிவிக்கப்பட்டுக் கட்டுப்பாடுகள் நீக்கப்பெற்றது மலாக்காவின் 221 சதுர மைல் நிலப்பரப்பே. அங்கு வாழ்ந்தோருக்கு இரவும் பாதையும் மீண்டும் சொந்தமாயின. இரவுக் காட்சிக்குப் போய் வீடு திரும்புவது என்னும் எளிய சுதந்திரமும் அவற்றுள் அடங்கும்.

தோட்டத்துக் காட்சி எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை விளக்கப் பிலிமின் அகலத்தை அறிந்தாக வேண்டும். பட்டணத்துக் கொட்டகைகளில் ஓடியது 35 மில்லிமீட்டர் பிலிம். 1950-களின் தொடக்கம் வரை அது எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டாலானது. கார்பன் விளக்கின் உக்கிரமான சூட்டுக்கு அருகில் அதை ஓட்ட, தீத் தாங்கும் தனியறை தேவைப்பட்டது. 16 மில்லிமீட்டர் பிலிமோ ஆரம்ப முதலே தீப்பற்றாத பொருளில் தயாரிக்கப்பட்டது. ஒரு சிறிய இயந்திரம், ஒரு ஜெனரேட்டர், ஒரு துணி, ஒலிபெருக்கி ஆகிய இவ்வளவையும் ஒரே வண்டியில் ஏற்றிவிடலாம். சுவரில்லாத கொட்டகையைத் தந்தது இந்தத் தொழில்நுட்பமே. 1,600 அடிச் சுருள் ஒன்று ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஓடும். மூன்று மணி நேரத் தமிழ்ப் படத்திற்கு நான்கு சுருள்கள் வேண்டும். இயந்திரம் ஒன்றே இருந்தால் மூன்று முறை விளக்கேற்றிச் சுருளை மாற்ற வேண்டும். அந்த இடைவேளைகளில் கச்சாங் பூத்தே என்னும் கடலை வியாபாரமும் ஊர்ப்பேச்சும் நடந்தன. தொழிலாளர் பாயும் சாக்கும் விரித்துத் தரையில் அமர, தோட்டத்து எழுத்தர்களாகிய கிராணிமாருக்கு நாற்காலிகள் போடப்பட்டன. இடம் கிடைக்காதவர்கள் துணியின் பின்புறம் போய், எழுத்துகள் இடவலம் மாறித் தெரியப் படத்தைக் கண்டனர். விடியுமுன் ஆள்கணக்கெடுப்பாகிய பெரட்டுக்கு நிற்க வேண்டிய மக்களாதலால், மறுநாள் வேலையில்லாத இரவுகளும் திருவிழாக் காலமுமே இதற்கு ஏற்றவையாக இருந்தன.

பட்டணத்துக் கொட்டகை வேறோர் அனுபவம். மலாக்கா நகரின் புங்கா ராயா வீதியில் இருந்த ரெக்ஸ் போன்ற அரங்குகளுக்குத் தீபாவளியன்று குடும்பத்தோடு, புத்தாடை உடுத்திப் போவது தோட்டத்து மக்களுக்கு ஒரு யாத்திரை. அங்கே அவர்கள் டிக்கெட் வாங்கி, சீனரோடும் மலாய்க்காரரோடும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்தனர். இக்கலப்பு திரைக்குப் பின்னாலும் இருந்தது; மலாய்ப் படவுலகில் இந்தியர் பங்கு பெரிது: பி. ராம்லி முதன்முதல் கதாநாயகனாக நடித்த ‘பக்தி’ படத்தை 1950-இல் இயக்கியவர் சென்னையிலிருந்து வந்த எல். கிருஷ்ணன், மலாக்காவின் வீரன் கதையாகிய ‘ஹங் துவா’வை 1956-இல் வர்ணப் படமாக எடுத்தவர் பணி மஜும்தார்.

1963 டிசம்பர் 28-இல் தொலைக்காட்சி தொடங்கியது. 1980-களில் வீடியோ நாடா வீடுதோறும் புகுந்தது. அதே காலத்தில் ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்டனர். பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் விற்கப்பட்டன. மக்கள் லயங்களை விட்டுக் கலைந்தனர். பட்டணத்துக் கொட்டகை வாடிக்கையாளரை இழந்தது. தோட்டத்துத் திடலோ தன்னைச் சுற்றியிருந்த ஊரையே இழந்தது.

இனி ஆராய்ச்சி எங்கே தொடங்க வேண்டும்? 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’, 1935-இல் தோன்றிய ‘தமிழ் முரசு’ ஆகிய பத்திரிகைகளின் சினிமா விளம்பரங்கள், எந்த ஊரில் எந்தப் படம் எப்போது ஓடிற்று என்பதை அறிய முதற்சான்று. 1952-ஆம் ஆண்டின் தணிக்கைச் சட்டமும் 1953-ஆம் ஆண்டின் கேளிக்கை வரிச் சட்டமும் கொட்டகைகளைச் சர்க்கார் காகிதங்களில் ஏற்றின. ஆனால் வரி வசூலிக்கப்பட்ட காட்சிக்குத்தான் காகிதம் உண்டு. நிர்வாகமோ கோயில் கமிட்டியோ செலவேற்று இலவசமாகக் காட்டிய படத்துக்குப் பார்த்தவர்களின் ஞாபகமே ஆதாரம். 1955-இல் பத்து வயதுச் சிறுவராயிருந்தவர்கள் இன்று எண்பதைத் தொட்டுவிட்டனர்.

ஆதலால், ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களின் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஐந்தே கேள்விகளைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும்: துணி எங்கே கட்டப்பட்டது, செலவை யார் ஏற்றார், எந்தெந்த நாட்களில் படம் வந்தது, என்ன படங்கள் வந்தன, யார் எங்கே உட்கார்ந்தனர். இதற்குப் பெரிய ஸ்தாபனமோ பெரும் பணமோ வேண்டியதில்லை; தமிழ்ப் பள்ளிகளின் முன்னாள் மாணவர்கள் தத்தம் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டாலே போதும். கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. நாற்காலிக்கும் சாக்குக்கும் இடையே இருந்த தூரத்தைக் குறித்து வைத்தால், தோட்டத்துச் சமூகம் எவ்வாறு பிரிந்து நின்றது என்பதையும், ஒரே பாட்டுக்காக எவ்வாறு ஒன்றாகக் கூடியது என்பதையும் வருங்காலத்தார் தெளிவாக அறிவர். அத்தகவல் எந்தக் கட்டடத்தின் வரைபடத்திலும் கிடைக்காது.