கொத்தனார் வில்லியம் கிளார்க்

இங்கிலாந்தின் கிரிக்கெட் வரலாற்றை எழுதுவோர் பிரபுக்களையும் அவர்தம் கழகங்களையும் பற்றி விரிவாகப் பேசுவர். அவ்விளையாட்டை ஊர்தோறும் கொண்டு சென்றவரோ நாட்டிங்ஹாம் நகரத்துக் கொத்தனார் ஒருவர். அவரை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று.

வில்லியம் கிளார்க் 1798 டிசம்பர் 24 அன்று பிறந்தார். செங்கல் கட்டும் தொழில் செய்தார். பின்னர் மதுவிடுதி நடத்தினார். ஒரு கண்ணின் பார்வையை இழந்த பின்னரும் ஆட்டத்தைக் கைவிடவில்லை. 1837இல், டிரென்ட் ஆற்றுப் பாலத்தருகே விடுதி நடத்திய கைம்பெண் ஒருவரை மணந்தார். விடுதியை அடுத்த நிலத்தை வேலியிட்டு 1838இல் ஆடுகளமாக்கி, காண வருவோரிடம் கட்டணம் பெற்றார். இலவசமாகக் கண்டு பழகிய ஊரார்க்கு இது பிடிக்கவில்லை. 1899 முதல் டெஸ்ட் பந்தயங்கள் நடைபெற்று வரும் டிரென்ட் பிரிட்ஜ் அக்களமே.

அந்நாளில் ஊதியம் பெற்று ஆடுவோர் ‘ஆட்டக்காரர்’ எனப்பட்டனர். ஊதியமின்றி ஆடுவோர் ‘கனவான்’ எனப்பட்டனர். ஒரே அணியில் ஆடினும் உடை மாற்றும் அறை வேறு. பெயரை அச்சிடும் முறையும் வேறு. இப்பாகுபாடு 1962இல்தான் நீக்கப்பட்டது. இதன் பொருளை நம்மவர்க்கு எவரும் விளக்கவேண்டுவதில்லை.

1846இல், தமது 47ஆம் வயதில், கிளார்க் தேர்ந்த ஆட்டக்காரர்களைத் திரட்டி ‘அகில இங்கிலாந்துப் பதினொருவர்’ அணியை அமைத்தார். புகைவண்டிப் பாதைகள் பெருகிவந்த காலம் அது. ஷெபீல்டில் தொடங்கி நகரந்தோறும் சென்றனர். எதிர்த்தாடும் உள்ளூரார் 22 பேர் வரை களமிறங்கலாம். மற்றையோர் தோளளவு கையுயர்த்தி வேகமாக வீச, கிளார்க் இடுப்பருகிலிருந்து மெதுவாக வீசியே விக்கெட்டுகளை வீழ்த்தினார். மட்டையாளரின் குறையை முன்னரே கண்டுகொள்வது அவர்தம் வல்லமை.

கனவான்களின் தயவை நாடாது ஆட்டக்காரர்கள் பிழைக்க வழிவகுத்தவர் அவரே. ஆனால் வசூல் பெருகியபோது, தமக்குரிய பங்கு கிட்டவில்லை என அவர்கள் மனம் புழுங்கினர். கூலியின் அருமை அறிந்த கொத்தனார், தாம் கூலி கொடுக்கும் நிலைக்கு வந்ததும் இறுகிய கையரானார் என்பதை மறைத்தல் வரலாறாகாது. 1852இல் ஜான் விஸ்டன், ஜேம்ஸ் டீன் முதலியோர் பிரிந்து, தமக்கென ஓர் அணி கண்டனர். பின்னர் 1864இல் புகழ்பெற்ற கிரிக்கெட் ஆண்டுமலரைத் தொடங்கிய விஸ்டன் இவரே.

கிளார்க் இறுதிவரை இணங்கவில்லை. 1856இல் தாம் வீசிய கடைசிப் பந்திலும் ஒரு விக்கெட்டை வீழ்த்தினார்; அவ்வாண்டு ஆகஸ்ட் 25இல் மறைந்தார். மறு ஆண்டு, அவ்விரு அணிகளும் லார்ட்ஸ் மைதானத்தில் முதன்முறையாக எதிரெதிரே ஆடின.