பள்ளிக்கூட மணியுடன் தொடங்கும் இசைத்தட்டு



வரலாற்றுப் பாடம் என்றதும் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது வழக்கம். ஆனால், நிலக்கரி வெட்டியவருக்கும் வரலாறு உண்டு. தெருமுனையில் பாட்டுக் கட்டிப் பாடியவருக்கும் வரலாறு உண்டு. அப்படிப்பட்ட ஒரு வரலாற்றை இன்று பார்ப்போம். அமெரிக்கக் கறுப்பினப் பாடகி லாரின் ஹில், 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் ஒரு பாடல் தொகுப்பை வெளியிட்டார். 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' என்பது அதன் பெயர். 'லாரின் ஹில் பெற்ற தவறான கல்வி' என்று அதைத் தமிழில் கூறலாம்.

அந்த இசைத்தட்டைப் போட்டால் முதலில் பாட்டு வராது. பள்ளிக்கூட மணி அடிக்கும். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிப்பார். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பதில் கொடுப்பார்கள். பிறகு லாரின் ஹில்லின் பெயரைக் கூப்பிடுவார். பதில் இராது. மறுபடியும் கூப்பிடுவார். அப்போதும் பதில் இராது. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது தோட்டத்தில் வளர்ந்த நமக்குத் தெரியும். அன்றைய கூலி இல்லை. இந்த வகுப்பில் அவர் இல்லாமற்போனதற்கு என்ன பொருள்? அதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

ஹிப் ஹாப் இசை நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தது. வேலையும் வசதியும் குறைந்த மக்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம் அது. 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், செட்ஜ்விக் சாலையில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு விருந்து நடந்தது. சிண்டி கேம்பல் என்னும் பெண், பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்ப்பதற்காக அதை நடத்தினார். அவர் சகோதரர் கூல் ஹெர்க் ஜமைக்காத் தீவிலிருந்து குடியேறியவர். ஒரே பாட்டின் இரண்டு இசைத்தட்டுகளை இரண்டு சுழற்றிகளில் மாற்றி மாற்றி ஓட்டி, தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை நீட்டும் முறையை வளர்த்தவர் அவர். அந்தத் தாளத்தின்மேல் சந்தத்தோடு பேசுவதே ராப் ஆயிற்று. வாத்தியம் வாங்க வழியில்லாதவர்களுக்கும் அது கைகொடுத்தது. பின்னர் அக்கலை கடல் கடந்தது. நம் மலேசிய மண்ணிலும் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006ஆம் ஆண்டு 'வல்லவன்' என்னும் தமிழ்த் தொகுப்பை வெளியிட்டார்கள்.

லாரின் ஹில் 1975ஆம் ஆண்டு பிறந்தவர். நியூ ஜெர்சி மாநிலத்தின் சவுத் ஆரஞ்சு என்னும் ஊரில் வளர்ந்தவர். தாயார் பள்ளி ஆசிரியை. ஃபியூஜீஸ் என்னும் மூவர் குழுவில் சேர்ந்து, 1996ஆம் ஆண்டு 'தி ஸ்கோர்' தொகுப்பின் வழியாகப் பெரும் புகழ் அடைந்தார். அடுத்துத் தனியாகப் பாட முனைந்தபோதுதான் அந்தத் தலைப்பைத் தேர்ந்தார்.

அத்தலைப்புக்கு மூலமாக விளங்கியது 1933ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு நூல். அதன் ஆசிரியர் கார்ட்டர் உட்சன். 1875ஆம் ஆண்டு பிறந்த அவருடைய பெற்றோர் அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்றவர்கள். குடும்ப வறுமையால் உட்சன் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தார். மாலை வேளைகளில் எழுத்தறியாத சுரங்கத் தொழிலாளர்களுக்குச் செய்தித்தாளை வாசித்துக் காட்டுவார். அவர்கள் தம் வாழ்க்கைக் கதைகளைப் பேசுவார்கள். ஏட்டில் இல்லாத வரலாறு தொழிலாளியின் வாயில் இருக்கிறது என்பதை அங்கேதான் அவர் கண்டார். ஏறத்தாழ இருபது வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, 1912ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1926ஆம் ஆண்டு அவர் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரமே, 1976 முதல் வரலாற்று மாதமாகக் கொண்டாடப்படுகிறது.

உட்சன் தம் நூலில் சொன்னது இதுதான்: பள்ளியில் பிறருடைய பெருமைகளை மட்டும் படித்து, தன் முன்னோரின் உழைப்பைப் பற்றி ஒரு வரியும் படிக்காத பிள்ளை, தன்னைத் தானே தாழ்வாக எண்ணக் கற்றுக்கொள்கிறது. அதுவே தவறான கல்வி.

லாரின் ஹில் அந்தக் கருத்தைத் தம் வாழ்க்கைக்குப் பொருத்திப் பார்த்தார். பாடல்களுக்கு இடையிடையே ஆசிரியரும் பிள்ளைகளும் அன்பு என்றால் என்ன என்று பேசிக்கொள்வது கேட்கும். அந்த ஆசிரியராகப் பேசுபவர் ராஸ் பராக்கா. நியூவர்க் நகரில் ஆசிரியராக இருந்த அவர், 2014ஆம் ஆண்டு அந்நகரின் மேயரானார். வகுப்பறையில் அன்பைப் பற்றிய பாடம் நடக்கும்போது லாரின் ஹில்லின் இருக்கை காலியாகக் கிடக்கிறது. அந்தப் பாடத்தை அவர் வெளியே, வாழ்க்கையில் அடிபட்டுக் கற்கிறார் என்பதே நாம் காணும் பொருள். ஒரு பாடலில் தம் மூத்த மகனைப் பற்றிப் பாடுகிறார். குழந்தை பெற்றால் தொழில் கெடும் என்று பிறர் அறிவுரை கூறியபோது, அதை மறுத்துத் தாய்மையை ஏற்ற கதை அது.

அதற்குக் கிடைத்த வரவேற்பு பெரிது. முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் 4 இலட்சத்து 22 ஆயிரத்துக்கு மேல் விற்று, விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 1999ஆம் ஆண்டு கிராமி விழாவில் ஐந்து விருதுகள் கிடைத்தன. ஆண்டின் சிறந்த தொகுப்பு என்னும் விருதை ஹிப் ஹாப் இசை பெற்றது அதுவே முதன்முறை. 2021ஆம் ஆண்டு, அமெரிக்காவில் 1 கோடி என்னும் அளவை எட்டியதற்கான வைரச் சான்றும் வந்தது.

ஆனால் வரலாற்றை முழுமையாகச் சொல்ல வேண்டும் அல்லவா? தொகுப்பின் அட்டையில் எழுதியவர், இசையமைத்து உருவாக்கியவர் என லாரின் ஹில்லின் பெயரே முன்னின்றது. அவருடன் பணியாற்றிய 'நியூ ஆர்க்' குழுவைச் சேர்ந்த நான்கு இசைக்கலைஞர்கள், தங்கள் பங்குக்கு உரிய இடம் தரப்படவில்லை என்று 1998ஆம் ஆண்டின் இறுதியில் வழக்குத் தொடுத்தார்கள். 2001ஆம் ஆண்டு அது நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாக முடிந்தது. லாரின் ஹில்லின் ஆற்றலை இது குறைத்துவிடாது. ஆயினும், விடுபட்ட பெயர்களைப் பற்றிய நூலின் தலைப்பைத் தாங்கிய தொகுப்பிலேயே, பெயர் விடுபட்டது என்று ஒரு குறை எழுந்ததை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பெயர் ஒளிவிடும்போது பல பெயர்கள் நிழலில் மறைவது எல்லாத் தொழிலிலும் உண்டு.

இரப்பர் மரம் வந்த வரலாறு நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. காட்டை அழித்து அதை நட்டவர் யார், பால் வெட்டியவர் யார் என்பதை எந்தப் புத்தகம் பெயர் சொல்லிக் கற்பிக்கிறது? அந்தக் கல்வியைக் கொடுக்க வீட்டில் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால் போதும். உட்சன் சுரங்கத் தொழிலாளர்களிடம் கேட்டதுபோல் நம் பிள்ளைகளும் கேட்கட்டும். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தோட்டத்தில், எந்த நிரையில் வேலை செய்தார்கள், உடன் இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டு ஒரு பயிற்சி நோட்டில் எழுதி வைக்கட்டும். ஒரு பெயரும் விடாமல் எழுதட்டும். அவர்கள் இருக்கும்போதே எழுதட்டும்.