யாரும் பார்க்காத தங்கம், எல்லாரும் பார்த்த தோல்வி

1980 ஜூலை 29, மாஸ்கோ. ஸ்பெயினை 4-3 என்று வென்று இந்தியா ஹாக்கியில் எட்டாவது ஒலிம்பிக் தங்கத்தை எடுத்தது. கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன், சென்னை லயோலா கல்லூரியில் படித்த நம்ம ஆள். ஆனால் சென்னைத் தொலைக்காட்சியின் அலை பெரம்பலூர்ப் பக்கம் எட்டாத காலம் அது. பூலாம்பாடி மாதிரி ஊர்களுக்கு ரேடியோவும் மறுநாள் பேப்பரும்தான்.

இரண்டே வருடத்தில் நிலைமை மாறியது. 1982 ஆகஸ்டில் தூர்தர்ஷனுக்கு வண்ணம் வந்தது. டிசம்பர் 1, டெல்லி ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டி: பாகிஸ்தான் 7, இந்தியா 1. டிவி இருந்த வீட்டிலெல்லாம் நேரடியாகப் பார்த்தார்கள். பந்து கோலுக்குள் போகும்போதெல்லாம் திரையில் தெரிந்தவர் கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகி. பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. காசு வாங்கிவிட்டார் என்றுகூடப் பேசினார்கள். ஆதாரம் எதுவும் கிடையாது. நடுக்களத்தில் பந்தைப் பறிகொடுத்தது யார், தடுப்பாட்டம் எங்கே ஓட்டையானது என்று கேட்டவர்கள் குறைவு.

அதே போட்டிகளில் நம் பெண்கள் அணி தங்கம் வாங்கியது. அது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

1998 பாங்காக்கில், 32 வருடம் கழித்து இந்திய ஆண்கள் அணி ஆசியத் தங்கம் எடுத்தபோது கோல்கீப்பர்களைத் தயார் செய்தவர் இதே நேகிதான். அந்த உழைப்பு நடந்தது பயிற்சி மைதானத்தில்; அங்கே கேமரா இல்லை.

கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். பந்து இல்லாத இடத்தில் மூச்சுமுட்ட ஓடுகிறவன் அதில் விழமாட்டான். விளையாட்டு வரலாறு எழுதுகிறவர்கள் அவனையும் தேடிப் போகணும்.