மாஸ்கோவில் துடித்த கரைசல்

சிட்ரிக் அமிலம், பொட்டாசியம் புரோமேட், கொஞ்சம் சீரியம் உப்பு, நீர்த்த கந்தக அமிலம். 1950-ஐ ஒட்டிய காலத்தில், மாஸ்கோ ஆய்வுக்கூடம் ஒன்றில் இந்த நான்கையும் ஒரே குடுவையில் சேர்த்தவர் போரிஸ் பெலவூசவ். நம் உடலின் செல்கள் உணவைப் படிப்படியாக எரித்து ஆற்றல் எடுக்கின்றன. கிரெப்ஸ் சுழற்சி என்ற அந்த நிகழ்வுக்குக் குடுவையிலேயே ஓர் எளிய மாதிரி கிடைக்குமா என்று பார்ப்பதுதான் அவர் நோக்கம். சீரியத்தின் மஞ்சள் நிறம் மெல்ல மறைய வேண்டும், அத்தோடு வினை முடிய வேண்டும். மஞ்சள் மறைந்தது. சற்று நேரத்தில் திரும்பி வந்தது. மறுபடி மறைந்தது, மறுபடி வந்தது. யாரும் தொடாத குடுவை, ஒழுங்கான இடைவெளியில் தானாகவே துடித்துக்கொண்டிருந்தது.

பெலவூசவ் கத்துக்குட்டி அல்ல. 1893-இல் பிறந்து, சூரிச் நகரில் வேதியியல் படித்து, முதல் உலகப் போர் தொடங்கியபோது ரஷ்யா திரும்பியவர். பிறகு பல ஆண்டுகள் ராணுவ வேதியியலாளராக நச்சு வாயுக்களோடு மல்லாடியவர். அளவில் ஒரு துளி பிசகினாலும் உயிர் போகும் துறை அது. அப்படிப்பட்டவர் 1951-இல் செய்முறையோடு எழுதி அனுப்பிய கட்டுரையை, இப்படி நடக்கவே முடியாது என்று ஒரு சோவியத் இதழின் ஆசிரியர் திருப்பி அனுப்பினார்.

அந்த மறுப்புக்குப் பின்னால் இருந்தது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. தன்போக்கில் விடப்பட்ட வேதிவினை சமநிலையை நோக்கி ஒரே திசையில்தான் போகும். ஊசலைப்போல அப்பக்கமும் இப்பக்கமும் போய்வர முடியாது. விதி சரிதான். அதை இந்தக் குடுவைக்குப் பொருத்திய விதம்தான் தவறு. ஊசல் தன் சமநிலைப் புள்ளியைத் தாண்டி மறுபக்கம் போகிறது. பெலவூசவின் கரைசல் அப்படி எதையும் தாண்டவில்லை. அதிலிருந்த புரோமேட் நிறம் மாறிய நேரமெல்லாம் குறைந்துகொண்டேதான் வந்தது. ஏறி இறங்கியவை நடுவில் பிறந்து மறையும் பொருள்கள் மட்டுமே. மலையிலிருந்து இறங்கும் ஆறு வழியில் சுழி போடுகிறது. அதற்காகத் தண்ணீர் மேட்டுக்கு ஏறிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. சரக்கு தீரும்வரைதான் இந்தச் சுழியும். புரோமேட் தீர்ந்ததும் கரைசல் அடங்கி, விதி சொன்ன இடத்துக்கே போய்ச் சேரும்.

அமெரிக்காவில் வில்லியம் பிரே 1921-லேயே அயோடேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்த கரைசலில் இத்தகைய அலைவைக் கண்டு எழுதியிருந்தார். தூசியோ அழுக்கோ காரணமாக இருக்கும் என்று அதையும் பலர் ஒதுக்கிவிட்டார்கள்.

பெலவூசவ் இன்னும் சில ஆண்டுகள் உழைத்துக் கட்டுரையை விரிவாக்கி வேறோர் இதழுக்கு அனுப்பினார். சிறு குறிப்பாகச் சுருக்கினால் போடலாம் என்று பதில் வந்தது. மனம் வெறுத்துப்போன மனிதர், தம் நிறுவனம் வெளியிட்ட கதிரியக்க மருத்துவக் குறுங்கட்டுரைத் தொகுப்பு ஒன்றில் 1959-இல் ஒரு சுருக்கத்தை அச்சேற்றிவிட்டு ஒதுங்கினார். வேதியியலாளர் யாரும் புரட்டாத தொகுப்பு அது. 1951-இல் எழுதிய மூலக் கட்டுரை அவர் இறந்த பிறகுதான் அச்சானது.

ஆனால் செய்முறை நின்றுவிடவில்லை. கையெழுத்துத் தாளாக மாஸ்கோவின் ஆய்வுக்கூடங்களில் கைமாறிக்கொண்டிருந்தது. அதன் பெருமதிப்பை உணர்ந்தவர் உயிர்வேதியியலாளர் சைமன் ஷ்னோல். 1961-இல் தம் மாணவர் அனடோல் ஜபோட்டின்ஸ்கியிடம் அதை ஒப்படைத்தார். ஜபோட்டின்ஸ்கி சிட்ரிக் அமிலத்தை எடுத்துவிட்டு மலோனிக் அமிலத்தைப் போட்டார், துடிப்பு தெளிவாயிற்று. பிற்பாடு ஃபெரோயின் என்ற நிறங்காட்டி சேர்ந்தபோது கரைசல் சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே பளிச்சென்று தாவியது. பெலவூசவும் அவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். நேரில் சந்தித்ததே இல்லை.

துடிப்பின் உள்கணக்கை 1972-இல் விளக்கியவர்கள் ஃபீல்ட், கோரோஷ், நோயஸ் மூவரும். புரோமைடு அயனி கரைசலில் போதிய அளவு இருக்கும்வரை அது வினைக்குக் கடிவாளம். அது ஓர் அளவுக்குக் கீழே குறைந்ததும் கடிவாளம் அறுகிறது. புரோமஸ் அமிலம் தன்னைத் தானே பெருக்கிக்கொண்டு, சீரியத்தை நொடியில் மஞ்சளாக்குகிறது. அந்த மஞ்சள் சீரியம் புரோமின் ஏறிய மலோனிக் அமிலத்தைத் தாக்க, அதிலிருந்து மறுபடி புரோமைடு பிறக்கிறது. கடிவாளம் திரும்பவும் விழுகிறது. இதில் எந்த மூலக்கூறுக்கும் தாளம் தெரியாது. பக்கத்தில் மோதும் மூலக்கூறோடு வினைபுரிவதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை இல்லை. பெருக்கும் வினையும் தடுக்கும் வினையும் சற்றே தாமதித்துத் துரத்திக்கொள்வதில்தான் தாளம் இருக்கிறது. தன்னொழுங்கைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்திருக்கின்றன. இந்தக் குடுவையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

1968-இல் பிராகு நகரில் நடந்த ஒரு கருத்தரங்கின் வழியாக மேற்கத்திய விஞ்ஞானிகளின் கவனம் இதன்மேல் விழுந்தது. 1970-இல் ஸைகினும் ஜபோட்டின்ஸ்கியும் கரைசலைக் கலக்காமல், தட்டையான கண்ணாடித் தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி வைத்ததைப் பற்றி எழுதினார்கள். சிவப்புப் பரப்பில் அங்கங்கே நீலப் புள்ளி முளைத்து, வளையமாகி விரிந்தது. அதன் நடுவிலிருந்து அடுத்த வளையம் கிளம்பியது. இரண்டு வளையங்கள் எதிர்ப்பட்டால் குளத்து அலைகளைப்போல ஒன்றையொன்று ஊடுருவுவதில்லை. மோதிய இடத்தில் இரண்டுமே அழிகின்றன, ஏனெனில் ஓர் அலை கடந்த இடம் தேறி எழச் சற்று நேரம் வேண்டும். வளையத்தை நடுவே வெட்டிவிட்டால் அறுந்த முனை உள்நோக்கிச் சுருண்டு, ஓயாமல் சுழலும் சுருளாகிறது. அந்தச் சுருள்களை 1972-இல் அமெரிக்காவின் ஆர்தர் வின்ஃப்ரீ விளக்கமாக எழுதினார்.

இங்கிருந்து கரைசலின் கதை வேதியியலைத் தாண்டுகிறது. தூண்டினால் கிளர்ந்து, பிறகு ஓய்ந்து, தேறி மீண்டும் தூண்டலுக்குத் தயாராகும் எந்தப் பரப்பிலும் இதே அலைகள் எழலாம். இதயத் தசையும் அப்படிப்பட்ட பரப்புதான். மின் அலை ஒன்று அதில் ஒழுங்காகப் பரவினால் இதயம் சீராகத் துடிக்கிறது. அலை அறுந்து சுருளாகி, சுருள்கள் சிதறினால் கீழறைகள் தாறுமாறாக நடுங்குகின்றன. சில நிமிடங்களில் உயிர் போகிறது. வின்ஃப்ரீயும் ரஷ்யாவின் கிரின்ஸ்கியும் கணக்காகச் சொல்லிவந்த இந்தச் சுருளை, பிரித்தெடுத்த இதயத் தசையிலேயே படம்பிடித்த ஆய்வு 1992-இல் வெளிவந்தது.

1980-இல் சோவியத் அரசு இந்த ஆய்வுக்கு லெனின் பரிசு கொடுத்தது. ஜபோட்டின்ஸ்கி, ஸைகின், கிரின்ஸ்கி, இவானிட்ஸ்கி ஆகியோரோடு பெலவூசவின் பெயரும் பட்டியலில் இருந்தது. அவர் இறந்து பத்தாண்டுகள் ஆகியிருந்தன. 1951-இல் அந்த ஆசிரியர் நான்கு புட்டிகளை எடுத்துக் கலந்து பார்த்திருந்தால் அன்றைக்கே உண்மை தெரிந்திருக்கும். தெரிந்த விதியை நம்பிக் கண்ணெதிரே வந்த செய்முறையை ஒதுக்கியது அறிவியலுக்குச் செய்த அநியாயம்.

கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொட்டாசியம் புரோமேட் நச்சுப்பொருள். ரொட்டி மாவில் சேர்க்க 2016-இல் இந்தியாவில் தடையே வந்தது. வினையில் புரோமினும் வெளிவரும். ஆகவே வீட்டில் வேண்டாம்; கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமுள்ள ஆய்வுக்கூடத்தில் நீங்களே முன்னின்று செய்துகாட்டுங்கள். தேவையான பொருள்கள் எல்லாம் எளிதில் வாங்கக்கூடியவைதான். மாணவர்கள் முதலில் அந்தத் துடிப்பைப் பார்க்கட்டும். இரண்டாம் விதியை அதற்குப் பிறகு நடத்துங்கள்.