சாத்தாவாரி
தண்ணீர்விட்டான் கிழங்கு என்றும் பெயர். சிங்களத்தில் ஹாத்தாவாரிய. முள்ளுள்ள கொடி, கொத்துக் கொத்தான கிழங்குவேர்களே முக்கிய மருந்து. தாய்ப்பால் பெருகவும், மாதவிடாய்க் கோளாறுக்கும், வெள்ளைப்படுதலுக்கும் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் கிழங்கைப் பாலில் காய்ச்சியோ லேகியமாகவோ கொடுப்பார்கள். இலங்கையில் இலையை அரைத்துப் பிழிந்து, சிவப்பரிசி, தேங்காய்ப்பாலுடன் இலைக்கஞ்சி காய்ச்சுவார்கள்; அருமையான காலை உணவு அது.

வேரிலுள்ள சதாவரின் எனும் சப்போனின்கள் ஆராயப்பட்டுள்ளன. பால் சுரப்புப் பற்றிய மனித ஆய்வுகள் சிறியவை, முடிவுகளும் முரண்படுகின்றன. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் உண்ணவே கூடாது.

கிழங்கைத் தோண்டினால் கொடியும் அழியக்கூடும். காட்டில் தோண்டுவது சட்டப்படியும் தவறாகலாம்: இலங்கையின் நக்கிள்ஸ் மலைத்தொடரிலுள்ள காப்புக்காடு, 2010 முதல் உலக மரபுரிமைப் பகுதி. அங்கே செடி பிடுங்குவது குற்றம். தோட்டத்தில் வளர்ப்பதே முறை.