இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு: யார் கணக்கு வைப்பது?

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய சிறு தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் இருப்பதை விதிமீறல் எனக் கருதுவோர் உளர். அன்று. 60 மாணவர்வரை இருவர் போதும் என்பதே 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. பல வயதினரை ஓரறையில் அமர்த்துவதைச் சட்டமே ஏற்றுள்ளபோது, ஒவ்வொரு குழந்தையின் கற்றலையும் தனித்தனியே மதிப்பிடுவது ஆசிரியரின் கருணையைச் சார்ந்ததன்று. பிரிவு 24 விதிக்கும் கடமை.

இதற்கான வழி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ரிஷிவேலியின் முறையைத் தழுவிய செயல்வழிக் கற்றல், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. கற்றல் ஏணியில் குழந்தை ஏறிய படி சுவரிலுள்ள அட்டவணையில் குறிக்கப்படும். காய்ச்சலாலோ, தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ இரண்டு வாரம் வராத குழந்தை, விட்ட படியிலிருந்தே தொடரலாம். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள ஏற்பாட்டை நாம் கண்டதில்லை.

2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்துகிறது. பெயர்கள் அழகானவை. ஆனால் ஒரு தலித் குழந்தை ஆண்டு முழுவதும் அரும்பிலேயே இருந்தால், அது முத்திரையாகிவிடும். எனவே, ஜூனில் எந்நிலை, இன்று எந்நிலை, இடையில் என்ன கற்பிக்கப்பட்டது என்னும் மூன்றையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். பிரிவு 21இன்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். நலிந்த பிரிவினருக்கு விகிதாச்சார இடமும் உண்டு.