கிறிஸ்மஸ் விருந்துக்கு காலிஃபிளவர் சீஸ்: சைவ விருந்தினருக்கும் ஏற்றபடி செய்வது எப்படி?

கிறிஸ்மஸ் திறந்த இல்ல உபசரிப்பில் கோழிப் பிரட்டலும் ஆட்டிறைச்சிக் கறியும் மேசையை நிறைத்திருக்கும். சைவம் சாப்பிடும் பாட்டிக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சோறும் பருப்பும்தான் மிஞ்சும். அந்தக் குறையைத் தீர்க்கும் ஓர் உணவு காலிஃபிளவர் சீஸ். பிரிட்டனில் ஞாயிறு மதிய உணவிலும் கிறிஸ்மஸ் விருந்திலும் இடம்பெறும் பழைய பக்க உணவு இது.

சீஸ் வாங்கும்போது கவனம்

சீஸ் என்றாலே சைவம் என்று சொல்லிவிட முடியாது. பாலை உறைய வைக்கச் சேர்க்கப்படும் ரென்னட், சில வகைகளில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. இத்தாலியின் பார்மிஜியானோ ரெஜ்ஜியானோ அப்படிப்பட்டது. பொட்டலத்தில் ‘மைக்ரோபியல் ரென்னட்’ அல்லது ‘வெஜிடேரியன்’ என்று இருக்கிறதா எனப் பாருங்கள். முஸ்லிம் நண்பர்களும் வருவார்கள் என்றால் ஹலால் முத்திரையையும் பார்த்து வாங்குவது நல்லது.

தேவையான பொருள்கள் (6 பேருக்கு)

காலிஃபிளவர் – பெரியது 1 (பூக்கள் மட்டும் சுமார் 800 கிராம்)
வெண்ணெய் – 50 கிராம்
மைதா மாவு – 50 கிராம்
பால் – 600 மில்லி லிட்டர்
துருவிய செடார் சீஸ் – 120 கிராம்
கடுகு பேஸ்ட் – அரை தேக்கரண்டி
மிளகுத்தூள், சாதிக்காய்த்தூள், உப்பு – தேவைக்கேற்ப

செய்முறை

1. பூக்களைப் பிரித்து, உப்பும் மஞ்சளும் கலந்த வெதுவெதுப்பான நீரில் 10 நிமிடம் ஊற வையுங்கள். உள்ளே புழு இருந்தால் வெளியே வந்துவிடும்.

2. கொதிநீரில் 4 முதல் 5 நிமிடம் வேகவைத்து, வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள். ஈரம் தங்கினால் சாஸ் நீர்த்துப்போகும்.

3. சிறு தீயில் வெண்ணெயை உருக்கி, மாவைச் சேர்த்து, நிறம் மாறாமல் 2 நிமிடம் கிளறுங்கள். பச்சை வாசனை போனதும், பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி விழாமல் கலக்குங்கள். கரண்டியின் பின்புறத்தில் படியும் அளவுக்குக் கெட்டியானால் போதும்.

4. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே கடுகு பேஸ்ட், மிளகு, சாதிக்காய், உப்பு, முக்கால் பங்கு சீஸ் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். கொதிக்கும் சாஸில் சீஸ் போட்டால் எண்ணெய் பிரிந்து, மணல் மணலாகிவிடும்.

5. பூக்களை ஓவன் தட்டில் அடுக்கி, சாஸை ஊற்றி, மீதிச் சீஸைத் தூவுங்கள். முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 25 முதல் 30 நிமிடம் வையுங்கள். மேலே பொன்னிறமாகி, ஓரங்களில் குமிழி வந்தால் தயார். சிறிய மேசை ஓவனில் மேற்பகுதி சீக்கிரம் கருகும். அலுமினியத் தாளால் மூடிக்கொள்ளலாம்.

முதல் நாளே தயாரிக்க

நான்காம் படியை முடித்து, தட்டில் அடுக்கி, சூடு ஆறியதும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். மறுநாள் சுடும்போது கூடுதலாக 10 நிமிடம் தேவைப்படும்.

பாலும் சீஸும் சேர்ந்த உணவு நம் நாட்டு வெப்பத்தில் விரைவில் கெட்டுவிடும். 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் பந்தலடியில் 1 மணி நேரம்தான். விருந்தினர் நாள் முழுவதும் வருவார்கள் என்றால், ஒரே பெரிய தட்டாக வைக்காமல் இரண்டு சிறு தட்டுகளாகப் பிரித்து, ஒன்று தீர்ந்ததும் அடுத்ததைச் சுடுங்கள்.

கடைசியாக, இந்தத் தட்டுக்கென்று தனிக் கரண்டி வையுங்கள். ஆட்டுக்கறியில் போட்ட கரண்டி இதில் விழுந்தால், சீஸைப் பார்த்துப் பார்த்து வாங்கியதற்குப் பலன் இல்லாமல் போய்விடும்.